எண்ணி வைத்த பொட்டு

போன புதன்கிழமை மத்தியானம் வசந்தியிடமிருந்து போன். வேலை நேரத்தில் அவள் கூப்பிடவே மாட்டாள். பயந்துபோய், "என்னாச்சு?" என்றேன்.

"ஒண்ணுமில்லக்கா. ஆடிட்டுக்கு வந்தவர் நம்ம டப்பாவைக் கையில எடுத்து திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. இது என்ன சிஸ்டம்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"பொட்டு சார்னு சொன்னேன்."

 இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தோம். டப்பா, பொட்டு, ஆடிட்டர்... இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

வசந்தி என் ஓரகத்தி. கணவரின் தம்பி மனைவி. இத்தனை வருடங்களாக இந்தப் பத்தியில் என் வீட்டு மிக்ஸி முதல் எதிர்வீட்டு நாய் வரை எல்லாரைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். அவளைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. ஏன்? எங்கள் இருவரில் அவள்தான் சமர்த்து என்று புகுந்த வீட்டில் ஒரு கருத்து நிலவுகிறது. அதற்கு நான் வேறு விளம்பரம் கொடுக்க வேண்டுமா என்ன?

ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். சங்கு ஊதினால் அப்பா வேலைக்குக் கிளம்புவார், இவள் பள்ளிக்கூடம் கிளம்புவாள். இப்போது தினமும் ரயிலேறி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனிக்குப் போய் வருகிறாள். அங்கே தண்ணீர் மோட்டார்களுக்கான வயர் செட் தயாராகிறது. அளவாக வெட்டிய வயர்கள் மேஜை மேல் ஸ்டாண்டில், வகைக்கு ஒரு டப்பாவாக இருக்கும். அவற்றை எடுத்துச் சேர்த்து, முனையில் கிளிப் மாட்டி, ஒரு கொத்தாகக் கட்டி அனுப்ப வேண்டும். அந்த வேலையைச் செய்கிற இருபத்திரண்டு பெண்களுக்கு வசந்திதான் சூப்பர்வைசர். அவளும் ஒரு காலத்தில் அதே மேஜையில் உட்கார்ந்து கிளிப் மாட்டியவள்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு பிரச்சினை வந்தது. வாங்கும் கம்பெனி ஒரு பெட்டியைத் திருப்பி அனுப்பியது. வயர் மாறியிருக்கிறதாம்.

அந்தக் கொத்தில் இரண்டு பழுப்பு வயர் உண்டு. ஒன்று மெல்லியது. இன்னொன்று அதைவிட ஒரு நூல் தடிமன். கண்ணால் பார்த்தால் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். தடிமனானது போக வேண்டிய இடத்தில் மெல்லியது போயிருந்தது. இங்கே டெஸ்ட் செய்யும்போது பல்பு எரியும், எல்லாம் சரி என்றுதான் காட்டும். மோட்டாரில் போட்டு ஓட்டினால் சூடாகி உருகும். நல்ல வேளை, அவர்களுடைய கேட்டிலேயே அளந்து பார்த்துப் பிடித்துவிட்டார்கள்.

அடுத்த மாதம் இன்னொரு பெட்டி திரும்பியது. அதே தப்பு.

வசந்தியின் மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். வந்து ஒரு வருடம் ஆகிறது. கத்துகிறவர் இல்லை. ஆனால் வசந்தியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார். இன்னொரு பெட்டி திரும்பினால் இந்த லைனையே ஒரகடத்தில் இருக்கிற தங்கள் இன்னொரு யூனிட்டுக்கு மாற்றிவிடுவதாக முதலாளி முடிவு செய்திருக்கிறாராம். அங்கே மெஷினே வெட்டி மெஷினே மாட்டும்.

ஒரகடம் எங்கே, அம்பத்தூர் எங்கே? அந்த இருபத்திரண்டு பேரும் வீட்டில் சோறு வடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, நடந்தோ ஒரே பஸ்ஸிலோ வந்து சேர்கிறவர்கள். வேலை ஒரகடத்துக்குப் போனால் வேலை போயிற்று என்றுதான் அர்த்தம். வசந்தி அதை அவர்களிடம் மறைக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டாள். அன்று பாதிப் பேர் டிபன் பாக்ஸை மூடிவிட்டார்களாம்.

மேனேஜர் தன் பங்குக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். யோசனைப் பெட்டி. ஒவ்வொருவரும் வாரம் ஒரு ஐடியா எழுதிப் போட வேண்டும், கட்டாயம். முதல் வாரம் திறந்து பார்த்தால் இருபத்திரண்டு சீட்டு. மனுஷர் நெகிழ்ந்துபோனார். பிரித்துப் படித்தால்... எல்லாமே ஒரே கையெழுத்து. "ஜன்னல் பக்கம் ஒரு ஃபேன் வேண்டும்." இருபத்திரண்டு முறை. கையெழுத்து நன்றாக இருக்கிற ஒரு பெண்ணிடம் எல்லாரும் சீட்டைக் கொடுத்து, "எனக்கும் சேத்து எழுதிடும்மா" என்று சொல்லியிருக்கிறார்கள்.

இந்தக் கட்டத்தில்தான் வசந்திக்கு என் நினைவு வந்தது.

நான் இந்தப் பத்தி எழுதுவதோடு அலுவலகங்களுக்குப் போய்ப் பயிற்சி வகுப்பும் எடுக்கிறேன். ஊழியர்களிடமிருந்து ஐடியாக்களை வரவழைப்பது எப்படி என்று ஒரு தலைப்பே என் கையில் உண்டு. ஏசி ஹாலில் கலர் கலராகச் சீட்டு கொடுப்பேன், வட்டமாக உட்காரவைப்பேன், ஏன் ஏன் என்று ஐந்து முறை கேட்கச் சொல்வேன். முடிவில் சுவர் முழுக்கச் சீட்டு ஒட்டியிருக்கும், போட்டோ எடுத்துக்கொள்வோம். அந்தச் சீட்டுகள் பிறகு என்ன ஆயின என்று நான் கேட்டதும் இல்லை, அவர்கள் சொன்னதும் இல்லை.

"அக்கா, எங்க பொண்ணுங்களுக்கு ஒரு க்ளாஸ் எடுப்பீங்களா?" என்று அவள் கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. சமர்த்து வசந்தி என்னிடம் வந்து உதவி கேட்கிறாள். உடனே எங்கள் மாமியாரான அத்தைக்குத் தெரியப்படுத்தினேன். தனக்குக் காது கேட்காததுபோல் அத்தை டிவி சத்தத்தைக் கூட்டினார்.

சனிக்கிழமை, வேலை முடிகிற நேரம். கலர் சீட்டு, ஸ்கெட்ச் பேனா, ஸ்டாண்டோடு போர்டு எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். இருபத்திரண்டு பேருக்கு மைக் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். ஆமாம், மைக். பேசினேன். முக்கால் மணி நேரம். "எந்த ஐடியாவும் முட்டாள்தனமான ஐடியா இல்லை. மனசுல வர்றதைத் தயங்காம எழுதுங்க" என்று சொல்லிச் சீட்டைக் கொடுத்தேன்.

அவர்கள் சீட்டைப் பார்த்தார்கள். பிறகு நல்ல கையெழுத்துப் பெண்ணைப் பார்த்தார்கள்.

"பேசுங்கம்மா. வேலையில என்ன மாத்தினா நல்லா இருக்கும்?"

"எல்லாம் நல்லாதான் கீது மேடம்" என்றார் முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள். பெயர் மல்லிகா. அம்பத்தூரிலேயே பல தலைமுறையாக இருக்கிற குடும்பம். எஸ்டேட் வருவதற்கு முன் அந்தப் பக்கமெல்லாம் அவர்கள் வயல்தானாம். "வசந்தி நல்லா பாத்துக்கினு கீது. உங்க பேச்சும் நல்லா இருந்திச்சு."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். அவ்வளவுதான் என் வகுப்பு. எல்லாம் நன்றாக இருக்கிறது, இரண்டு பெட்டி மட்டும் தானாகத் திரும்பி வந்துவிட்டது.

நான் போர்டை மடிக்க ஆரம்பித்தேன். அப்போது வசந்தி எழுந்து வந்தாள். மைக்கை என் கையிலிருந்து வாங்கி, அணைத்து, மேஜையில் வைத்தாள். ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர்கள் நடுவில் உட்கார்ந்தாள்.

"சரி, ஐடியா எல்லாம் வேணாம். இப்ப எனக்கு வேற ஒண்ணு சொல்லுங்க. இந்த வயர் செட்டை வேணும்னே கெடுக்கணும். யாருக்கும் தெரியாம, டெஸ்டுலயும் மாட்டாம. எப்படிக் கெடுப்பீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை என்பதுதான் காரணம்.

வசந்தி கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் வீட்டில் நாத்தனாருக்கு வளைகாப்பு. எல்லாரும் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது இவள் மெல்லக் கேட்டாள்: "அக்கா, இதுல என்னென்ன தப்பாப் போகலாம்னு ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கலாமா?" நான்தான் பாய்ந்தேன். "நல்ல காரியம் நடக்கிற வீட்டுல பேசுற பேச்சா இது? வாயைக் கழுவு." அத்தை பூஜையறைக்குப் போய்த் திருநீறு எடுத்துக்கொண்டு வந்து எல்லார் நெற்றியிலும் பூசினார். வசந்தி அதோடு வாயை மூடிக்கொண்டாள்.

வளைகாப்பன்று நான் வாங்கி வந்த வளையல் எதுவும் நாத்தனார் கையில் ஏறவில்லை. பழைய அளவு. ஏழாம் மாதத்தில் கை வீங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சோப்புத் தண்ணீர் போட்டும் பாதி உடைந்தது. மூன்று பேர் வளையல் வாங்க கொரட்டூர் பஜாருக்கு ஓடினார்கள். வசந்தி அன்று கேட்க வந்தது அதைத்தான் என்று எனக்குப் பிறகு தெரிந்தது. தெரிந்தும் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இப்போது ஃபேக்டரியில் அதே கேள்வி. ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். "நான் பக்கத்து மேஜைக்காரிகிட்ட என் மாமியார் கதை சொல்லுவேன்க்கா. அவ கை தானா தப்பு பண்ணும்." ஒரே சிரிப்பு. "டீ டைமுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கறப்ப பெரிய கொத்தாக் குடுக்கணும், பாதியில விட்டுட்டு ஓடுவோம்." "ட்யூப் லைட் மினுக்குற மேஜையில கண்ணாடி போடாதவங்களை உக்கார வெக்கணும்."

கெடுப்பதற்கு வழி கேட்டால் எவ்வளவு உற்சாகம். யார் மேலும் பழி இல்லை, யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. விளையாட்டுதானே? வசந்தி ஒவ்வொன்றையும் என் கலர் சீட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். சீட்டுக்கு ஒரு வழியாக வேலை கிடைத்தது.

"இன்னாமா நீங்க, இம்மாம் கஷ்டப்படுறீங்க" என்றார் மல்லிகா. "வெள்ளிக்கெயம பூஜைக்குத் தொடைக்கறப்போ டப்பா எல்லாத்தையும் எடுத்துக் கீய வெக்கறோம்ல? திருப்பி வெக்கறப்போ ரெண்டு பழுப்பையும் மாத்தி வெச்சுட்டா போதும். வேற ஒண்ணும் பண்ணத் தேவல."

சொல்லி முடித்ததும் அவரே கையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பு நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை பூஜையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மெஷின் ஓடுகிற எந்த இடமானாலும் நம் ஊரில் உண்டு. காலையில் வந்ததும் ஸ்டாண்டிலிருந்து டப்பாக்களை இறக்கி, ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டிவிட்டுத்தான் அங்கே வேலை தொடங்கும். டப்பாவுக்கு லேபிள் இருந்ததே என்றால், இருந்தது. வாரா வாரம் துடைத்துத் துடைத்து எழுத்து போய்விட்டது. எஞ்சிய இடத்தில் பொட்டு.

"அப்படி மாறியிருக்கா?" என்று வசந்தி மெதுவாகக் கேட்டாள்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண்: "மாறும்க்கா. ரெண்டு மணி நேரத்துல கைக்குத் தெரிஞ்சிரும். வயர் தடிமனா படும். உடனே மாத்தி வெச்சிருவோம். அதுக்கு முன்னால கட்டினது பெட்டிக்குப் போயிருக்கும்."

"நானும்தான்" என்றாள் இன்னொருத்தி. அப்புறம் இன்னொருத்தி.

ஆக, விஷயம் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் யாருமே அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பூஜையால் தப்பு வந்தது என்று எந்த வாயால் சொல்வது? சாமி குற்றம் ஆகிவிடாதா?

வசந்தி எழுந்துபோய், வாங்கும் கம்பெனி திருப்பி அனுப்பிய பெட்டிகளின் சீட்டை எடுத்து வந்தாள். செல்போனில் காலண்டரைத் திறந்து, சீட்டில் இருந்த பேக் செய்த தேதியையும் நேரத்தையும் பார்த்தாள். இரண்டுமே வெள்ளி. இரண்டுமே முற்பகல். அதுவரை அந்தச் சீட்டை மேனேஜரிலிருந்து முதலாளி வரை எல்லாரும் பார்த்திருந்தார்கள். தேதியை யாரும் பார்க்கவில்லை. பேக் செய்தது யார் என்கிற பெயரைத்தான் பார்த்திருந்தார்கள்.

மேனேஜர் தன் அறையிலிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அப்ப பூஜையை நிறுத்தச் சொல்றீங்களா வசந்திம்மா? நான் சொன்னா என்னைய அடிக்க வந்துருவாங்களேங்க."

வசந்தி யோசனையில் இருந்தாள். நான் என் பையில் இருந்த அத்தனை உத்திகளையும் மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். ஒன்றிலும் பூஜை வரவில்லை.

மல்லிகாதான் பேசினார். இந்த முறை வாயைப் பொத்தாமல்.

"பூஜைய எதுக்கு நிறுத்தணும்? பொட்டு எப்படியும் வெக்கறோம். எண்ணி வெச்சா இன்னா?"

அவர் எழுந்து வந்து காட்டினார். ஒரு மேஜைக்கு ஆறு டப்பா. முதல் டப்பாவுக்கு ஒரு பொட்டு, ஸ்டாண்டில் அது உட்காருகிற இடத்திலும் ஒரு பொட்டு. அடுத்ததற்கு இரண்டு, அங்கேயும் இரண்டு. மெல்லிய பழுப்புக்கு ஒன்று, தடிமன் பழுப்புக்கு ஆறு. இந்தக் கோடியில் ஒரு பழுப்பு, அந்தக் கோடியில் இன்னொரு பழுப்பு. எழுதப் படிக்க வேண்டாம், லேபிள் வேண்டாம். "ஆறு பொட்டு டப்பா ஒத்தப் பொட்டுல போய் குந்துமா?"

அந்த ஹாலில் ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள்... கைதட்டல்கூட இல்லை. இருபத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்த சத்தம். பயிற்சி வகுப்பு எடுக்கிற நான் என் வாழ்நாளில் கேட்டிராத சத்தம்.

எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஈரத்துணி பட்டதும் போன வாரத்துப் பொட்டு அத்தனையும் அழிந்துபோனது. எந்த டப்பாவுக்கு எத்தனை என்று ஒரே ரகளை. அன்று வசந்தி ஒவ்வொரு வயராக விரலால் தடவிப் பார்த்துத்தான் பெட்டியை மூடவிட்டாள். திங்கட்கிழமை மஞ்சள் பெயின்ட் வந்தது. நடுவில் வைக்கச் சிவப்பு கிடைக்கவில்லை. நல்ல கையெழுத்துப் பெண் தன் நெயில் பாலிஷைக் கொண்டுவந்து ஒவ்வொரு மஞ்சளுக்கும் நடுவில் குங்குமம் வைத்தாள். அழகான வேலை. இப்போது துடைத்தாலும் போகாது. வெள்ளிக்கிழமை அதற்கு மேலேயே சந்தனம் வைத்துக்கொள்கிறார்கள். மினுக்கிய ட்யூப் லைட்டை மாற்றியாயிற்று. ஜன்னல் பக்கம் ஃபேனும் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு பெட்டிகூடத் திரும்பவில்லை. போன புதன்கிழமை வாங்கும் கம்பெனியிலிருந்து ஆடிட்டர் நேரில் வந்து, டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்து, அந்தக் கேள்வியைக் கேட்டார். பொட்டு என்று பதில் வந்ததும் சிரிப்பார் என்று மேனேஜர் பயந்தாராம். ஆடிட்டர் சிரிக்கவில்லை. வேண்டுமென்றே ஆறு டப்பாவையும் கலைத்துக் கீழே வைத்து, வழியில் போன ஒரு பெண்ணைக் கூப்பிட்டு அடுக்கச் சொன்னார். அவள் பேசிக்கொண்டே அடுக்கிவிட்டுப் போனாள். "இதை யார் கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். வசந்தி மல்லிகாவைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்துவந்து நிறுத்தினாளாம்.

லைன் ஒரகடம் போகவில்லை. அம்பத்தூரிலேயே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் போன்.

எனக்குப் பெருமையாக இருந்தது. மல்லிகாவை நினைத்து, அந்த இருபத்திரண்டு பேரை நினைத்து. எல்லாரையும்விட வசந்தியை நினைத்து. என் ஓரகத்தி என்று ரயில் பெட்டியில் முன்பின் தெரியாதவர்களிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. உண்மையில் ஒருவரிடம் சொன்னேன். அவர் திருநின்றவூர் வரை போகிறவர், பாவம், அதுவரை கேட்டுக்கொண்டே வந்தார்.

யோசித்துப் பார்க்கிறேன். வீட்டில் யாராவது கெட்டதைச் சொன்னால் வாயைக் கழுவு என்கிறோம். ஆபீஸில் அதையே நெகட்டிவாகப் பேசாதே என்கிறோம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பிறகு பெட்டியை மாட்டி, பூட்டுப் போட்டு, ஐடியா எழுது என்கிறோம். ஜனங்களிடம் ஐடியா இல்லாமல் இல்லை. தப்பைச் சொன்னால் தன் மேலோ பக்கத்து மேஜைக்காரி மேலோ விழும் என்ற பயம்தான் இருக்கிறது. அந்தப் பயத்தை விளையாட்டாக்கி ஓரமாக நகர்த்தி வைத்தாள் வசந்தி. எந்தப் புத்தகத்தையும் படித்து அல்ல. நான் வாயை அடைத்த பிறகும் அந்தக் கேள்வியை இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்தாள்.

என் பயிற்சி வகுப்பில் இப்போது கலர் சீட்டு கிடையாது. முதல் கேள்வியே "எப்படிக் கெடுக்கலாம்?" தான். இது என் ஓரகத்தியின் உத்தி என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.

அடுத்த மாதம் என் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். பூந்தமல்லியில் மண்டபம். நேற்று சாயங்காலம் நானே வசந்தி வீட்டுக்குப் போனேன். அத்தையும் கூட இருந்தார். நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, நல்ல காரியப் பேச்சு நடக்கிற இடத்தில், சத்தமாகவே கேட்டேன்.

"சொல்லு வசந்தி. இந்த நிச்சயதார்த்தத்தை எப்படியெல்லாம் கெடுக்கலாம்?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். வளைகாப்பு அவளுக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். கண் லேசாகக் கலங்கியது. அத்தை திருநீறு எடுக்கப் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மெட்ரோ வேலையில ரோட்டை மாத்தி விட்டிருக்காங்க, பையன் வீட்டுக்காரங்க வழி தெரியாம சுத்துவாங்க" என்று தொடங்கினாள். எழுதினேன். "மோதிரம் அளவு பாத்தீங்களா?" எழுதினேன். அடிக்கோடும் போட்டேன். அப்புறம் கொஞ்சம் தயங்கினாள்.

"சொல்லு, பரவாயில்ல."

"மண்டபத்துல மைக் இருக்கும்ல..." என்றாள். "அது உங்க கைக்கு வந்துடக் கூடாதுக்கா."

அத்தை சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும். நோட்டில் அந்த மைக் வரிக்கு நான் ஆறு பொட்டு வைத்திருக்கிறேன்.